'நானே' என்னும் ஏகாரம்

டெல்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் தளம். காலை எட்டேகால் மணி. இரண்டேகால் வயதுப் பெண் குழந்தை வாசற்படியில் அமர்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. இடக்காற் செருப்பு வலக்காலில் ஏறியிருக்கிறது. மற்றொன்று எந்தக் காலிலும் ஏற மறுக்கிறது. தாய்க்கு மெட்ரோவைப் பிடித்தாக வேண்டும். தந்தைக்குக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகம் செல்ல வேண்டும். அவர் குனிந்து கை நீட்டியதும் குழந்தை காலை உள்ளிழுத்துக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்கிறது: "நானே!"

செருப்பு ஒருவாறு ஏறி முடிகிறது, கால் மாறித்தான். மின்தூக்கிக்குள் நுழைந்ததும் தந்தை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிடுகிறார். குழந்தை தரையில் அமர்ந்து கதறுகிறது. கீழ்த்தளம் வந்தபின்னும் வெளியேற மறுக்கிறது. உடன் வந்த அண்டை வீட்டுக்காரர், "பிடிவாதம் ஜாஸ்தி, இப்பவே அடக்கி வைக்கணும்" என்று அறிவுரை வழங்கிவிட்டுச் செல்கிறார். தந்தை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், மீண்டும் நான்காம் தளத்துக்குச் சென்று, குழந்தையைத் தூக்கிப் பிடித்து, அதன் விரலால் பொத்தானை அழுத்தச் செய்து, மீண்டும் கீழே வருகிறார். அழுகை நின்றுவிடுகிறது. செலவானது இரண்டரை நிமிடம்.

அந்த இரண்டரை நிமிடம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா. குழந்தையின் தற்சார்பு குறித்து நடக்கும் உரையாடல்கள் பெரும்பாலும் குழந்தையின் குணத்தைப் பற்றியனவாகவோ பெற்றோரின் கண்டிப்பைப் பற்றியனவாகவோ அமைந்துவிடுகின்றன. உண்மையில் அது நேரத்தைப் பற்றியது. அருகில் நிற்கும் ஒரு பெரியவரைப் பற்றியது.

முதலில் அச்சொல்லையே கவனிக்கலாம். 'நான்' என்பதோடு சேர்ந்து நிற்கும் ஏகாரத்திற்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள்களைக் கூறுகிறது. தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்பன அவை. 'நானே' என்று குழந்தை சொல்லும்போது அவற்றுள் இரண்டு ஒருசேர ஒலிக்கின்றன. 'பிறரல்லர், நான்' என்று தன்னைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. 'என்னால் ஆகும்' என்று உறுதிகொள்வது தேற்றம். கீழ்வீட்டுப் பாட்டியிடம் அதே குழந்தை இதனை 'குத்' என்று இந்தியில் சொல்கிறது. மொழி மாறினாலும் கோரிக்கை மாறுவதில்லை. இலக்கணம் பிரித்துச் சொன்ன இரண்டும் குழந்தையின் வாழ்வில் ஒரே பருவத்தில், ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன.

அச்சொல் எளிதில் வந்ததன்று. சில திங்களுக்கு முன்புவரை அக்குழந்தை தன்னைப் 'பாப்பா' என்றே குறிப்பிட்டு வந்தது. "பாப்பாக்குத் தண்ணி" என்றது. எல்லோரும் தன்னை அழைக்கும் பெயரால் தன்னை அழைத்துக்கொள்வது எளிது. 'நான்' அப்படிப்பட்ட சொல்லன்று. தாய் சொன்னால் அது தாயைக் குறிக்கிறது. தந்தை சொன்னால் தந்தையைக் குறிக்கிறது. வாய்க்கு வாய் பொருள் மாறும் இச்சொல்லைத் தனக்குரியதாக்கிக்கொள்ளக் குழந்தை முதலில் தன்னை ஓர் ஆளாக அறிந்திருக்க வேண்டும்.

குழந்தை அறியாதபடி அதன் முகத்தில் ஒரு வண்ணப் பொட்டிட்டுக் கண்ணாடி முன் நிறுத்தும் ஆய்வுமுறை 1970களின் தொடக்கத்திலிருந்து உளவியலில் வழங்கி வருகிறது. ஒன்றரை வயதை ஒட்டி, பல குழந்தைகள் கண்ணாடியில் தெரியும் உருவத்தைத் தொடுவதை விட்டுத் தம் முகத்தைத் தொடத் தொடங்குகின்றன. இரண்டு வயதுக்குள் பெரும்பாலானவை இதைச் செய்துவிடுகின்றன. 'நானே' என்பது இந்த அறிதலுக்குப் பின் வருவது. அண்டை வீட்டுக்காரர் பிடிவாதம் என்றது, தான் இருப்பதைப் புதிதாக அறிந்துகொண்ட ஓர் உயிரின் முதல் அறிவிப்பு.

எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட 'குழந்தைமையும் சமூகமும்' என்னும் நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். அவற்றுள் இரண்டாவது இது. தன்னால் இயலும் என்னும் உணர்வு ஒருபுறமும், நாணமும் தன்மீதான ஐயமும் மறுபுறமும் நின்று இழுக்கும் காலம் என அவர் இதனை விளக்கினார். இதன் நடைமுறைப் பொருள் எளியது. தண்ணீர் ஊற்ற முனைந்து சிந்திய குழந்தைக்கு வீட்டில் கிடைக்கும் மறுமொழி ஒரு துணியா, ஒரு திட்டா என்பதைப் பொறுத்து அது கற்றுக்கொள்வது வேறுபடுகிறது. துணி கிடைத்தால், சிந்தினால் துடைக்கலாம் என்று கற்கிறது. நாள்தோறும் திட்டே கிடைத்தால், முயலாமல் இருப்பதே நலம் என்று கற்கிறது.

இக்கருத்துகள் மேலை நாட்டிலிருந்து வந்தவை, இந்தியக் குடும்பத்திற்குப் பொருந்தாதவை என்னும் மறுப்பு உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எரிக்சனை அகமதாபாத்தில் சந்தித்து, அவரால் உளப்பகுப்பாய்வின்பால் ஈர்க்கப்பட்ட சுதிர் கக்கர், 1978இல் வெளியான தம் நூலில் இந்தியக் குழந்தைமையை ஆராய்ந்தார். இங்கே குழந்தை நெடுங்காலம் தாயின் அணைப்பிலும் வேண்டியது கிடைக்கும் சூழலிலும் வளர்கிறது என்றும், ஆண் குழந்தைக்குப் பின்னர் அந்த அணைப்பு சட்டென்று விலகிக் கட்டுப்பாடு தொடங்குகிறது என்றும் அவர் காட்டினார். புவனேசுவரத்துக் குடும்பங்களை 1960களின் நடுவிலிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த மானுடவியலாளர் சூசன் சீமோர், பலர் சேர்ந்து ஒரு குழந்தையை வளர்க்கும் வீட்டில் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் பண்பே முதன்மையாகக் கற்பிக்கப்படுகிறது என்று கண்டார்.

ஆகவே பாட்டி பேத்திக்கு ஊட்டிவிடுவதைக் குறையாகச் சித்திரிப்பது முறையன்று. அக்கையில் சோறு மட்டும் இல்லை. கதை இருக்கிறது, வாசம் இருக்கிறது, 'நீ என் குழந்தை' என்னும் உறுதி இருக்கிறது. தனியறை, தனிக்கட்டில், தனித்தட்டு என்பவற்றை மட்டுமே தற்சார்பின் அடையாளங்களாகக் கொள்வது ஒரு பண்பாட்டின் பழக்கத்தைக் குழந்தையின் இயல்பாகக் கருதும் பிழை.

எனினும் அம்மறுப்பு ஓரிடத்தில் தவறுகிறது. சார்ந்து வாழ்தலும் தானே செய்தலும் ஒன்றையொன்று அழிப்பன என்று அது கருதிக்கொள்கிறது. இந்திய வீடுகளில் நாள்தோறும் நடப்பது அதற்கு மாறானது. சப்பாத்தி தேய்க்கும் தாயின் அருகில் அமரும் குழந்தைக்கு ஒரு சிறு உருண்டை மாவு தரப்படுகிறது. பச்சைப் பட்டாணி உரிக்கும் பாட்டியின் முறத்தில் ஒரு காய் அதற்கும் ஒதுக்கப்படுகிறது. அக்குழந்தை செய்யும் சப்பாத்தி எந்த நாட்டின் வரைபடத்தைப் போலவும் இருக்கலாம். அது தவாவில் இடப்பட்டு, 'பாப்பா போட்டது' என்று தாத்தாவின் தட்டுக்குச் செல்கிறது. தானே செய்ததும் பிறர்க்காகச் செய்ததும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. குழந்தை 'நானே' என்று சொல்வது விலகிப் போவதற்காக அன்று. செய்து முடித்ததும் அது முதலில் திரும்பிப் பார்ப்பது தாயின் முகத்தை.

இந்த எண்ணத்திற்கு இந்திய மண்ணிலேயே வரலாறும் உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா முன்னர் வழக்குரைஞர். தம் மகனின் கல்வியைப் பற்றிய கவலையே அவரை மரியா மாண்டிசோரியின் நூல்களுக்கு அழைத்துச் சென்றது. அச்சுறுத்தலும் அடியும் இன்றிக் குழந்தைகள் தம் கைகளால் வேலை செய்து கற்கும் இடமாக அப்பள்ளியை அவர் அமைத்தார். 'மீசை வைத்த அம்மா' என்று குஜராத்தி மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் பின்னர் மகாராட்டிரக் கடற்கரையில் உள்ள போர்டியில் ஏழை, பழங்குடிக் குழந்தைகளிடம் இப்பணியைக் கொண்டு சென்றார். கிஜுபாய் மறைந்த 1939ஆம் ஆண்டிலேயே மாண்டிசோரி இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். நீர் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல், துடைத்தல், பெருக்குதல் ஆகியவற்றைப் பாடமாகவே கருதும் அந்த முறை, இன்று பெருநகரங்களில் உயர்ந்த கட்டணம் வாங்கும் பள்ளிகளின் விளம்பரப் பலகையாகிவிட்டது வேறு கதை. அதன் தொடக்கமோ 1907இல் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்னும் பகுப்பு உண்டு. உண்பது தன்வினை, ஊட்டுவது பிறவினை. எழுவது தன்வினை, எழுப்புவது பிறவினை. குளித்தலுக்குக் குளிப்பாட்டுதலும் நடத்தலுக்கு நடத்துதலும் இணைகள். பிறந்த குழந்தையின் வாழ்வில் எல்லாம் பெரியவர்களின் பிறவினைகளே. வளர்ச்சி என்பது அவை ஒவ்வொன்றாகத் தன்வினைகளாக மாறுவது. அம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஒன்றரை வயதில் கரண்டி வாய்க்குச் செல்கிறது, பாதி உணவு சட்டைக்குச் செல்கிறது. அணிவதற்கு முன்பே கழற்றுவது கைவருகிறது. ஆகவேதான் உடுத்திவிட்ட உடை அடுத்த நிமிடமே தரையில் கிடக்கிறது. இரு வினைகளுக்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. பெரியவர் செய்தால் ஒரு நிமிடம், குழந்தை செய்தால் பத்து நிமிடம் ஆகும் காலம் அது. அந்த ஒன்பது நிமிட வேறுபாட்டை யாரேனும் ஒருவர் செலுத்தியாக வேண்டும்.

செலுத்த இயலாத வீடுகள் கண்டுபிடித்துள்ள குறுக்குவழி கைபேசி. திரையில் படம் ஓட, திறந்த வாயில் சோறு செல்கிறது. தட்டு ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடுகிறது. அங்கே குழந்தை உண்ணவில்லை. அதன் உடலுக்குள் உணவு வைக்கப்படுகிறது. எதைத் தின்றோம், எப்போது வயிறு நிறைந்தது என்பதையும் அது அறிவதில்லை. பாட்டி ஊட்டும்போது குழந்தை தலையைத் திருப்பிப் 'போதும்' எனலாம். பாட்டி கேட்பார், கேளாதது போலவும் இருப்பார். இருவருக்கும் நடுவே ஒரு பேச்சாவது நடக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல், குறையக் குறைய நன்று என்றது. இந்த விதியைச் சொல்லித் தாயைக் குற்றவாளியாக்குவது எளிது. அந்தத் தாய் இரண்டு மணி நேரம் பேருந்தில் நின்றுவிட்டு வந்தவர் என்பதையும், வீட்டில் சமைக்க வேறு எவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான பேச்சாகும்.

இங்குதான் வீட்டுக்குள் நடப்பதாகத் தோன்றும் ஒன்று அரசின் கணக்குக்குள் வந்து நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் திருத்தச் சட்டம் சம்பளத்துடன் கூடிய விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்த்தியது. அதாவது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை. மறுமுனையில், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி மூன்று வயதில் தொடங்குகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அடிப்படை நிலையை மூன்று வயதிலிருந்தே கணக்கிடுகிறது. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி தருவது பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவும் எடை பார்த்தலும் தடுப்பூசி நினைவூட்டலும். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் அந்தந்தக் குடும்பத்தின் சாமர்த்தியத்திற்கு விடப்பட்டிருக்கின்றன. தவழ்வதும் நடப்பதும் பேசுவதும் 'நானே' என்பதும் அந்த இரண்டரை ஆண்டுகளுக்குள்தான் நடக்கின்றன.

இடைவெளியை அரசு அறியாமல் இல்லை. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் அதே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் 'பால்னா' திட்டம் வந்தது. மூன்று வயதுக்குட்பட்டோரின் வளர்ச்சித் தூண்டலுக்கென 'நவசேதனா' என்னும் தேசியச் சட்டகமும் 2024இல் வெளியிடப்பட்டது. தாள்களில் எழுதப்பட்டவை நல்லவையே. ஆனால், வயலிலும் வீட்டுவேலையிலும் கட்டுமானத்திலும் உழைக்கும் பெண்ணுக்கு 50 பேர் கொண்ட நிறுவனமும் இல்லை, 26 வாரச் சம்பளமும் இல்லை. தந்தையரின் நிலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு மகப்பேற்றையொட்டிக் கிடைக்கும் விடுப்பு 15 நாள். குழந்தை வளர்ப்பில் தந்தையின் இடம் எவ்வளவு என்று அரசு கருதுகிறது என்பதற்கு அந்த எண்ணே சான்று.

டெல்லியில் 1969இல் ஒரு கட்டுமானத் தளத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய 'மொபைல் க்ரெஷஸ்' இதற்கொரு மாற்றைக் காட்டியது. செங்கல் சுமக்கும் தாய்மார்களின் குழந்தைகள் புழுதியில் கிடந்ததைக் கண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் நடத்துவது என்று முடிவு செய்யப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அது ஒரு முன்மாதிரியாகவே சுட்டப்படுகிறது, நாட்டின் வழக்கமாகிவிடவில்லை.

இதன் விளைவு இருமுனைகளிலும் தெரிகிறது. வசதியுள்ள வீட்டில் குழந்தைக்குத் தானே செய்ய வாய்ப்பில்லை. செய்துவிடக் கைகள் பல. ஏழு வயது மகனுக்கு ஷூ மாட்டிவிடவும் ஆள் இருக்கிறது. அந்தக் கைக்குரிய பெண்ணின் குழந்தையோ தன் வீட்டில் எட்டு வயது அக்காவின் இடுப்பில் வளர்கிறது. அது சீக்கிரமே தானாக உண்ணவும் தானாக உறங்கவும் பழகிவிடுகிறது. இதனையும் தற்சார்பு என்று புகழ்வோர் உளர். பார்த்துக்கொள்ள எவரும் இல்லாததால் வருவது தற்சார்பு அன்று, கைவிடப்படுதல். அடுப்பும் தெருவும் கிணறும் அக்குழந்தைக்குப் பாடம் சொல்லக் காத்திருப்பதில்லை. அக்காவின் பள்ளிக்கூடமும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

பெண் குழந்தையின் 'நானே' வேறொரு வகையிலும் திருடப்படுகிறது. இரண்டு வயதில் துடைப்பத்தை எடுக்கும் மகளும் மகனும் ஒன்றுபோலவே விளையாடுகிறார்கள். மகள் எடுத்தால் 'இப்பவே எவ்வளவு பொறுப்பு!' என்கிறார்கள், மகன் எடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி வைக்கிறார்கள். பத்து வயதாகும்போது அவளது விருப்பம் கடமையாகிவிடுகிறது. அவனது விருப்பமோ மறந்தே போய்விடுகிறது. 'நானே' என்பதற்கு மதிப்பளிப்பதென்றால், இருவர் கையிலும் துடைப்பத்தை விட்டுவைக்க வேண்டும். பின்னர் இருவரிடமும் அதே அளவில் எதிர்பார்க்கவும் வேண்டும்.

எல்லாவற்றையும் குழந்தையின் விருப்பத்திற்கு விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்தாக வேண்டும். மருந்து வேண்டுமா என்று கேட்பதில் பயனில்லை. கொதிக்கும் பாலுக்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் பேரம் கிடையாது. இவை தவிர்த்த மற்ற இடங்களில், மறுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். 'இது குழந்தைக்கு ஆபத்தா, அல்லது பெரியவருக்கு அவசரமா?' பல வேளைகளில் விடை இரண்டாவதாகவே இருக்கும். அவசரம் உண்மையானதாகவும் இருக்கலாம். அப்போது "இன்னைக்கு நேரமில்ல கண்ணு, அப்பா மாட்டி விடுறேன், சாயந்திரம் நீயே மாட்டலாம்" என்று சொல்வதும், மாலையில் அதை நினைவில் வைத்திருப்பதும் போதும். அவசரத்தைக் குழந்தையின் குற்றமாக்கிப் 'பிடிவாதம்' என்று பெயரிடுவதே தீங்கு.

அதே டெல்லி வீட்டில் இரவு ஒன்பது மணி. காலையில் செருப்புக்காகவும் பொத்தானுக்காகவும் போராடிய குழந்தை, தட்டில் இருக்கும் தயிர்சாதத்தைத் தாயின் பக்கம் தள்ளிவிட்டு வாயைத் திறக்கிறது. "நீயே சாப்பிடுவியே?" என்று தாய் கேட்கிறார். குழந்தை தலையாட்டி மறுத்து, "அம்மா ஊட்டு" என்கிறது. தாய் ஊட்டுகிறார். காலையின் 'நானே' பொய்யுமில்லை, இரவின் 'ஊட்டு' பின்னடைவுமில்லை. திரும்பி வந்தால் ஒரு மடி இருக்கும் என்று அறிந்த குழந்தைதான் மறுநாள் காலையில் மீண்டும் செருப்பைத் தானே எடுக்கத் துணிகிறது.

அந்த மடியும் அந்த இரண்டரை நிமிடமும் டெல்லியின் நான்காம் தளத்துக்கு மட்டுமன்றி, அதே கட்டடத்தைக் கட்டிய பெண்ணின் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். குழந்தை வளர்ப்பு பற்றிய அறிவுரைகளை அதன்பின் வழங்கலாம்.